சனி முழுக்காடிய துவக்கு

மகன்,

உரும்பிராயைப் பிறப்பிடமாகவும், என் வாயின் இடப்பக்கக் கீழ்வரிசையை வதிவிடமாகவும் கொண்டிருந்த கடைவாய்ப் பல், கடந்த வியாழக்கிழமை காலை முறுக்கு ஒன்றுடன் ஏற்பட்ட கைகலப்பில் அகால மரணமடைந்துவிட்டது என்பதை ஆழ்ந்த துயரத்துடன் அறியத் தருகிறேன். அன்னார் பக்கத்துப் பல்லின் பாசமிகு சகோதரரும், நாக்கின் நெடுநாள் அயலவரும், எண்ணற்ற கச்சான் கடலைகளின் பரம எதிரியும் ஆவார். இறுதிக் கிரியைகள் கிணற்றடியில் எளிமையாக நடைபெற்றன. உற்றார் உறவினர் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொண்டு, இனிமேல் என்னைப் பார்க்க வரும்போது முறுக்கைத் தவிர்த்து மெத்தென்ற தொதல் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

உன் அம்மா இதை எட்டிப் பார்த்துவிட்டு, ஆவணியில் பிள்ளைக்குக் கலியாணம், அதற்குள் இந்த மனிசனுக்கு மரண அறிவித்தல் கேட்குது என்று தலையிலடித்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். அவள் கோபம் நியாயமானது. நான் எழுத உட்கார்ந்ததும் பல்லுக்காக அல்ல. போன கிழமை நீ நோர்வேயிலிருந்து போன் எடுத்து, கலியாண மண்டபத்தைப் பற்றி ஒரு வார்த்தையும், வாங்கிய காற்றுத் துவக்கைப் பற்றி அரை மணித்தியாலமும் கதைத்தாயே, அதற்குத்தான் இந்தப் பதில். ஸ்பிறிங் வைத்த துவக்கு; ஒரே பெட்டிக் குண்டு; ஒரே கை; ஆனால் வேகம் அளக்கிற கருவிக்கு மேலாகச் சுட்டால் ஒவ்வொரு வெடிக்கும் ஒவ்வொரு வேகம் காட்டுகிறது, என்ன பிழை என்று கேட்டாய். நான் பெரிதாகச் சிரித்து, உரும்பிராயில் அந்தக் காலத்தில் காற்றுத் துவக்குக்கு வைத்தியர் என்றால் உன் அப்பன்தான், விபரமாக எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். சொன்ன வாய்க்குப் பல் போனாலும் வாக்குப் போகக் கூடாது. இதோ எழுதுகிறேன். உன்னைக் கட்டப்போகிற பிள்ளையும் பக்கத்தில் இருந்து வாசிக்கட்டும்.

முதலில் நோயாளியை அறிந்துகொள். உன் துவக்குக்குள் வெடிமருந்து என்று ஒன்றும் இல்லை. குழலை முறித்துக் கீழே இழுத்தால், உள்ளே பிஸ்டன் பின்னால் போய் ஸ்பிறிங்கை நெரித்துக்கொண்டு கொளுவி நிற்கும். விசையை அழுத்தினால் ஸ்பிறிங் பிஸ்டனை முன்னால் அடிக்கும். பிஸ்டன் காற்றை நெரிக்கும். நெரிபட்ட காற்று ஒரு சின்ன ஓட்டையால் பாய்ந்து ஈயக் குண்டைத் தள்ளிக்கொண்டு போகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பும் இதுவும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். பம்பின் வாசர் காய்ந்தால் ரயர் எப்படி நிறையாதோ, அப்படியே இதுவும். காற்று எங்கேயாவது கள்ளமாக வெளியே போனால், அல்லது உள்ளே இருக்கக் கூடாத ஒன்று இருந்தால், வேகம் ஏறியிறங்கும். அவ்வளவுதான் விஷயம். அந்த அவ்வளவுதான் எங்கள் வீட்டில் இரண்டு பேரின் உயிரோடு விளையாடப் பார்த்தது.

எண்பத்தெட்டாம் ஆண்டு. எனக்குப் பதினைந்து வயது. என் ஐயா, உன் அப்பப்பா, முந்திரிகைத் தோட்டம் வைத்திருந்தார். நீ கடையில் திராட்சை என்று வாங்குவதைத்தான் எங்களூரில் முந்திரிகை என்போம். தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தலாகக் கொடி படர்ந்திருக்கும். குலை நிறம் மாறத் தொடங்கினால் கிளியும் மைனாவும் ஊர்வலம் வந்துவிடும். ஐயாவோ ஒரு குருவியையும் சுட விடாதவர். அவர் ஒரு வழி வைத்திருந்தார். பந்தலின் மூலைகளில் பழைய பிஸ்கட் தகரங்களைக் கட்டித் தொங்கவிட்டு, பறவை எந்த மூலையில் இறங்குகிறதோ அந்த மூலைத் தகரத்துக்குக் காற்றுத் துவக்கால் ஒரு குண்டு அடிப்பார். டிங் என்ற சத்தத்துக்குக் கூட்டம் முழுவதும் எழும்பிவிடும். கயிறு கட்டித் தகரத்தை ஆட்டியும் பார்த்தவர்தான். கயிறு கொடியில் சிக்கிக் குலையைக் கொட்டியது. ஆகவே துவக்கு. குண்டு தகரம்வரை போக வேண்டும், அதுதான் முக்கியம். வேகம் குறைந்த குண்டு நடுவழியில் தாழ்ந்து பழக்குலைக்குள் போய் விழுந்து, ஒரு குலையையே நாசமாக்கிவிடும்.

அந்த நாட்களில் சந்தியில் இந்திய ஆமியின் மண்மூட்டை அடுக்கிய காவல் சென்றி இருந்தது. காலையும் பின்னேரமும் ஆமி எங்கள் ஒழுங்கையால் வரிசையாக நடந்து போகும். ஒரு சைக்கிள் ரயர் வெடித்தாலே சனம் நிலத்தில் படுத்துவிடும். எழும்புவதற்கு முன்னால் எந்தப் பக்கத்தால் சுடுகிறார்கள் என்று காது கொடுத்துக் கிடக்கும். ஐயா முன்யோசனைக்காரர். தானே சென்றிக்குப் போய், ஒரு தகரத்தைக் காட்டி, இரண்டு கையாலும் கிளி பறப்பதுபோல அபிநயம் பிடித்து, கல்லால் எறிந்துதான் சத்தம் எழுப்புகிறோம் என்று விளங்கப்படுத்திவிட்டு வந்தார். அவர்களும் சிரித்துத் தலையாட்டினார்களாம். கல் என்றுதான் சொன்னார், துவக்கு என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து துவக்கு என்ற சொல்லே வீட்டில் தடை. நான் அதற்கு நாயனம் என்று பெயர் வைத்தேன். நாயனம் வாசிச்சாச்சோ என்று நான் கேட்டால், வாசித்தாயிற்று என்று ஐயா முகம் மாறாமல் பதில் சொல்வார்.

அந்த நாயனத்துக்குத்தான் சுருதி பிசகியது. ஒரு வெடி தகரத்தில் படும். அடுத்தது புஸ் என்று கொடிக்குள் விழும். அதற்கடுத்தது திரும்பவும் படும். ஐயாவுக்குத் தோட்ட வேலை தலைக்கு மேல், நான்தான் திருத்துகிறேன் என்று முன்னால் குதித்தேன். வேகம் அளக்க உன்னிடம் மின்சாரக் கருவி இருக்கிறது. என்னிடம் அம்மாவின் சவுக்காரக் கட்டி இருந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற பம்ப் கொட்டிலுக்குள் சவுக்காரத்தைச் சுவரோடு சாத்தி வைத்து, ஒரே தூரத்தில் நின்று சுட்டு, ஓட்டைக்குள் ஈர்க்கை விட்டு, வாயளவில் முறித்து எடுத்து வரிசையாக அடுக்குவேன். ஈர்க்கு நீளமென்றால் வேகம் கூட. அடுக்கிய ஈர்க்குகள் கடைத் தெருவில் நிற்கிற சனம் மாதிரி நெட்டையும் குட்டையுமாக நின்றன. சவுக்காரத்தின் ஓட்டைகளைக் கண்ட அம்மாவிடம், இது கொழும்பிலிருந்து வந்திருக்கிற சவுக்காரப் பூச்சி, ஊரெல்லாம் பரவுகிறது என்று சொன்னேன். அந்த மனிசி வேப்பிலை போட்டு அதை வெயிலில் காயவிட்டா. பிறகு ஒரு நாள் சவுக்காரத்துக்குள்ளிருந்து ஈயக் குண்டு ஒன்று உருண்டு விழுந்தபோது, பூச்சி முட்டையிட்டிருக்கிறது என்று சொல்லவும் வாயெடுத்தேன். அம்மாவின் கையில் அகப்பை இருந்ததால் விட்டுவிட்டேன்.

பகிடியை விட்டுவிட்டு நீ கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் குண்டைப் பார். நான் தகரத்தின் கீழே விழுந்த பழைய குண்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கித் திரும்பவும் போட்டுக்கொண்டிருந்தேன். புதியது வாங்க வழியில்லை. நசுங்கிய குண்டு குழலுக்குள் ஒன்று லொடலொடவென்று போகும், ஒன்று பெருவிரல் நோகத் தள்ளினால்தான் போகும். இரண்டும் ஒரே வேகத்தில் எப்படிப் போகும்? உன்னுடையது புதுப் பெட்டி என்றாலும் ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார், வித்தியாசம் தெரியும். அடுத்தது, குழல் முறிகிற பொருத்து. அங்கே ஒரு வளையம் இருக்கும், எங்களுடையதில் தோல், உன்னுடையதில் றப்பராக இருக்கலாம். அது தேய்ந்தால் காற்று அந்த வழியால் கசியும். கசிகிறதா என்று அறிய, சாமியறைக்குள் போய்த் திருநீறு எடுத்து வந்து பொருத்தின் மேல் ஒரு குறி இழுத்துவிட்டுச் சுட்டேன். ஒரு பக்கத்துத் திருநீறு புழுதியாகப் பறந்தது. கசிவு அங்கேதான். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற என் அண்ணை, உன் பெரியப்பா, மெல்ல என்னைப் பார்த்துக் கேட்டார்:

"உதுக்கும் தீட்சை குடுத்திட்டியோ?"

இந்த இடத்தில் நின்றிருந்தால் நான் நல்ல வைத்தியன். வளையத்தை மட்டும் மாற்றி, சவுக்காரத்தில் சுட்டுப் பார்த்து, பிறகு அடுத்ததைத் தொட்டிருக்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. ஒரே சனிக்கிழமையில் எல்லாவற்றையும் செய்தேன். பழைய செருப்புத் தோலில் புது வளையம் வெட்டிப் போட்டேன். கட்டையைப் பிடிக்கிற ஆணிகளை இறுக்கினேன். விசை கடினமாக இருப்பதால்தான் கை ஆடுகிறது என்று நினைத்து, விசைக்குக் கிட்ட இருந்த சின்ன ஆணியையும் திருகி, தொட்டால் விழுகிற அளவுக்கு இளக்கினேன். கடைசியாகப் பிஸ்டனின் தோல் வாசர். அது காய்ந்து கிடக்கிறது என்பது சத்தத்திலேயே தெரிந்தது. தோல் காய்ந்தால் எங்கள் வீட்டில் என்ன செய்வோம்? சனிக்கிழமை தலைக்கு நல்லெண்ணெய் தப்பி முழுக வார்ப்போம். அன்றும் சனி. ஐயாவும் அண்ணையும் தலையில் எண்ணெய் வடியக் கிணற்றடியில் நின்றபோது, மிச்ச எண்ணெயைக் கிண்ணத்தோடு தூக்கிக்கொண்டு போய், காற்றுப் போகிற ஓட்டையால் துவக்குக்கும் ஒரு முழுக்கு வார்த்துவிட்டேன். குழலுக்கு வெளியேயும் மினுங்க மினுங்கத் தடவினேன். சீயாக்காய் வைக்காததுதான் குறை.

அடுத்த நாள், வெளியே சத்தம் கேட்காதபடி, பம்ப் இரைந்துகொண்டிருந்த நேரம் சவுக்காரத்துக்குச் சுட்டேன். படார் என்றது. குழல் வாயால் புகை வந்தது. வடை சுட்ட மணம் அடித்தது. ஈர்க்கை விட்டால் அது போய்க்கொண்டே இருந்தது. எனக்கு உலகத்தை வென்ற சந்தோஷம். வேகத்தைக் கூட்டிவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த வெடி புஸ். அதற்கடுத்தது சாதாரணம். பிறகு திரும்பவும் படார். எண்ணெய் காணாது போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் வார்த்தேன். நடந்தது இதுதான், மகன்: டீசல் எஞ்சினுக்கு நெருப்புப் பொறி தேவையில்லை, காற்றை நெரித்த சூட்டிலேயே எண்ணெய் பற்றும். துவக்குக்குள்ளும் அதுவே. உள்ளே எண்ணெய் கூடினால் பிஸ்டன் நெரிக்கிற சூட்டில் அது பற்றி வெடிக்கும். எந்த வெடிக்குப் பற்றும், எதற்குப் பற்றாது என்று யாராலும் சொல்ல முடியாது. பற்றினால், அது உண்மையான துவக்குச் சத்தம்தான். உன் துவக்கிலும் எண்ணெய் மணமோ புகையோ வருகிறதா என்று பார். வந்தால், வேகம் கூடுகிறது என்று என்னைப்போலச் சந்தோஷப்படாதே.

அந்தக் கிழமை ஒரு நாள் காலை. ஐயாவும் அண்ணையும் முதல் ஆய்ந்த பழத்தைக் கூடைகளில் வைத்துச் சைக்கிள்களில் கட்டிச் சந்தைக்குப் புறப்பட்டுவிட்டார்கள். பம்ப் ஓடவில்லை, மண்ணெண்ணெய் முடிந்திருந்தது. நான் பந்தலின் கீழே நின்று துவக்கை முறித்து, குண்டு வைத்து, மூடி, ஒழுங்கைப் பக்கத்து மூலைத் தகரத்துக்குக் குறி பார்த்தேன். மைனாக்கள் அங்கே இறங்கியிருந்தன. விரலை விசைக்குக் கொண்டுபோகிற நேரம் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு ஐயாவின் குரல். அவருடைய குரல்தான், ஆனால் நான் ஒருநாளும் கேட்காத பணிவு அதில் இருந்தது. ஓம் சேர், ஓம் சேர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளுவை வேலியின் இடைவெளியால் பார்த்தேன். ஐயாவும் அண்ணையும் முகத்தை வேலிக்குத் திருப்பி, கைகளை உயர்த்திக்கொண்டு நின்றார்கள். கூடைகள் நிலத்தில் இருந்தன. வரிசையாக ஆமி. ஒருவன் அடையாள அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இன்னொருவனின் துவக்கு வாய் அண்ணையின் நீலச் சேட்டின் நடு முதுகுக்கு நேரே இருந்தது. அண்ணைக்கு அப்போது இருபது வயது. அந்த வயதில் இருப்பதே குற்றம்போல இருந்த காலம். அவருடைய முகம் எனக்கு எதிரே, நான் எறிந்தால் கல் படுகிற தூரத்தில் இருந்தது. அவர் என்னைக் கண்டார். கண்டதைக் காட்டாமல் இமையைத் தாழ்த்தினார்.

என் கையில், கொளுவி நிற்கிற துவக்கு. தொட்டால் விழுகிற விசை. உள்ளே குண்டு. டிங் என்று போனால் பரவாயில்லை, அந்தச் சத்தம் அவர்களுக்குத் தெரியும். புஸ் என்று போனாலும் பரவாயில்லை. படார் என்று போனால், வேலிக்குப் பின்னாலிருந்து தங்களைச் சுடுகிறார்கள் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். அவர்களுக்கும் இதற்குமிடையில் நிற்பது என் ஐயாவும் அண்ணையும். கீழே வைக்கவும் முடியாது. நிலத்தில் தட்டினாலே விழுந்துவிடும். சருகுக்குள் தள்ளவும் முடியாது. பிடித்துக்கொண்டே நிற்கவும் முடியாது, ஏனென்றால் தலைவன் போலிருந்தவன் எங்கள் தோட்டத்தைக் கையால் காட்ட, இரண்டு பேர் வரிசையை விட்டு விலகிப் படலைப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். படலைக் கதவு வேலியின் அந்தலையில், மறுகோடியில் இருந்தது. சுற்றித்தான் வர வேண்டும். அதுதான் எனக்கிருந்த நேரம்.

அந்த நேரம் பார்த்து, எனக்குத் தேத்தண்ணி கொண்டு அக்கா வந்தாள். உன் மாமிதான். பத்தொன்பது வயது, வீட்டில் என் வாய்க்குச் சரிக்குச் சரி வாய் காட்டக்கூடிய ஒரே ஆள். வேலிக்கு அப்பால் நிற்பவர்களை அவள் கண்டாள். கோப்பையைச் சத்தமில்லாமல் தூணடியில் வைத்தாள். பிறகு துவக்கைப் பார்த்தாள்.

"உதைக் கீழை வை."

"வைக்கேலாது. தொட்டால் வெடிக்கும்."

"வெடிச்சால் என்ன, டிங்கெண்டுதானே?"

"சொல்லேலாது அக்கா. சிலவேளை படாரெண்டும் வெடிக்கும்."

"இப்ப எது?"

"தெரியாது."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் உனக்கு எழுத முடியாது.

"நீதானே திருத்தினனீ?"

"ஓம்."

"திருத்தினவனுக்குத் தெரியாதோ?"

 ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. குழலைத் திரும்ப முறித்து, கடைசிவரை கீழே இழுத்து, அதை விடாமல் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தினால், ஸ்பிறிங்கின் முழுப் பலமும் பிடித்திருக்கிறவரின் கைக்கு வரும். அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தால் சத்தமில்லாமல் இறக்கிவிடலாம். கை வழுக்கினால் குழல் மின்னல் வேகத்தில் திரும்பி அடிக்கும். விரலும் போகும், சத்தமும் வரும். ஒருவர் இரண்டு கையாலும் குழலைப் பிடிக்க வேண்டும், மற்றவர் விசையை அழுத்த வேண்டும். இதை நான் சொல்லி முடிக்க முன்னமே அவள் குழலைப் பிடித்துவிட்டாள். பிடித்தவள் பல்லைக் கடித்தாள். குழல் முழுவதும் என் நல்லெண்ணெய். பாவாடை நுனியைச் சுற்றித் திரும்பவும் பிடித்து, அடிக்கட்டையை என் வயிற்றோடு முட்டுக் கொடுக்கச் சொல்லி, மெல்ல மெல்ல முறித்தாள். அந்த முறிக்கிற நேரத்தில் விசை விழுந்துவிடுமோ என்று நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். விழவில்லை. குழல் வாய் திறந்ததும் குண்டை ஈர்க்கால் தட்டி வெளியே எடுத்தேன். அவள் கடைசிவரை இழுத்தாள். கழுத்து நரம்பு புடைத்து நின்றது. ஒழுங்கையில் அண்ணையிடம் ஏதோ கேட்டார்கள். அவர் சொன்ன பதில் அவர்களுக்கு விளங்கவில்லை. திரும்பவும் சத்தமாகக் கேட்டார்கள். படலையின் கொளுக்கி கிளுக் என்றது.

"இப்ப," என்றாள் அக்கா.

விசையை அழுத்தினேன். ஸ்பிறிங்கின் பலம் அவள் கைக்குப் போனது. குழல் எண்ணெயில் வழுக்கி ஒரு சாண் மேலே பாய்ந்தது. குழல் நுனியில் குறி பார்க்க நிற்கிற முள் அவள் உள்ளங்கையைக் கிழித்தது. அவள் விடவில்லை. வாயைத் திறக்கவுமில்லை. அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரவிட்டு, கடைசியில் குழல் மூடிய சத்தம் பெட்டி ஒன்றை மெல்லச் சாத்தியதுபோல இருந்தது. வெட்டிப் போட்ட கொடிக் குவியலுக்குள் துவக்கைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது, அவர்கள் பந்தலுக்குள் குனிந்து வந்துகொண்டிருந்தார்கள். இருவரில் இளையவன் அக்காவின் கையில் வழிந்த இரத்தத்தைக் கண்டு தன் துவக்கை நீட்டினான். அவள் இடுப்பில் செருகியிருந்த கொடி வெட்டுகிற கத்தியை இரண்டு விரலால் எடுத்து நிலத்தில் போட்டு, கையையும் கத்தியையும் மாறி மாறிக் காட்டினாள். அவன் பார்த்தான். பம்ப் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தான். போகிறபோது ஒரு குலையைப் பிடுங்கி வாயில் போட்டு, புளிப்பில் முகத்தைச் சுளித்தான். அது இன்னும் பழுக்காத மூலை.

சிறிது நேரத்தில் ஒழுங்கையில் சைக்கிள்கள் நிமிர்கிற சத்தம் கேட்டது. ஐயாவும் அண்ணையும் திரும்பிப் பார்க்காமல் சந்தைக்குப் போனார்கள். பின்னேரம் வந்த ஐயா அக்காவின் கைக்கட்டைப் பார்த்து என்னவென்று கேட்க, கத்தி பட்டதென்றாள். அவர் அதை நம்பியதாகக் காட்டிக்கொண்டார். அண்ணை அன்று முழுவதும் ஒன்றும் சாப்பிடவில்லை.

அதன்பிறகுதான் துவக்கு ஒழுங்காகத் திருந்தியது. முதலில் விசை ஆணியைப் பழைய இடத்துக்குத் திருகியது. பிறகு குழலைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு எண்ணெயை நாட்கணக்காக வடியவிட்டது. துணி சுற்றிய ஈர்க்கால் துடைத்தது. பம்ப் இரைகிற நேரத்தில் மட்டும் சவுக்காரத்தில் சுட்டு, புகையும் மணமும் அறும்வரை பொறுத்தது. அதற்குப் பிறகு வளையம். அதற்குப் பிறகு குண்டு. ஒன்றை மாற்றினால், ஈர்க்கு அளந்து பார்க்காமல் மற்றதைத் தொடுவதில்லை. வாசருக்கு எண்ணெய் தேவைதான், ஒரு சொட்டு, அதுவும் எப்போதாவது. கடைசியில் ஈர்க்குகள் எல்லாம் ஒரே உயரத்தில் நின்றன. நீயும் அப்படியே செய். ஒரு நாளைக்கு ஒரு குறையை மட்டும் தொடு. கலியாணம் கட்டிய புதிதில் எனக்கும் உன் அம்மாவுக்கும் வந்த சண்டைகளில் பாதி, ஒரே நாளில் ஒருவரிலொருவர் எல்லா ஆணியையும் திருகப் போனதால் வந்ததுதான். சத்தம் கூடினால் வேகம் கூடிவிட்டது என்று நினைக்கிற பழக்கமும் எனக்கு வீட்டில் நெடுநாள் இருந்தது. அந்தப் பிள்ளையிடம் அதைக் காட்டாதே.

இந்த இடத்தில் கையெழுத்து வைத்திருப்பேன். ஆனால் ஆவணியில் மாமி அரியாலையிலிருந்து வருவாள், நீ அவளிடம் இதைக் கேட்பாய். ஓம், உன்ரை அப்பர்தான் விசையை அழுத்தினவர், உன்ரை அப்பர்தான் துவக்கைத் திருத்தினவர் என்று அவள் சொல்லுவாள். கதை வெளியே வந்த நாளிலிருந்து, இத்தனை வருஷமாக, ஐயாவிடமும் அண்ணையிடமும் உன் அம்மாவிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். அதனால் நானே எழுத வேண்டியிருக்கிறது. அந்த நாளுக்குப் பிறகு நான் துவக்கைத் தொடவே இல்லை. கட்டுப்போட்ட கையோடு அதைத் திருத்தியது முழுவதும் அவள். உனக்கு எழுதிய வைத்தியமெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை நான் அவளுக்குப் போன் எடுத்துக் கேட்டது. நடுவில் இரண்டு தரம், விளங்குதோ என்று கேட்டாள். ஓம் என்றேன். சரியாக விளங்கவில்லை.

மற்றது, அந்த விசை. இப்ப என்று அவள் சொன்னபோது என் விரல் அசையவில்லை. திரும்பவும் சொன்னாள். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அவள் குழலிலிருந்து ஒரு கையை எடுத்து, என் விரலுக்கு மேலே தன் விரலை வைத்து அழுத்தினாள். ஒற்றைக் கையில் நின்றதால்தான் குழல் வழுக்கியது.

துவக்கைப் பற்றி இனி நேரே மாமியிடமே கேள். நடந்ததை அப்பாவே எழுதிவிட்டார் என்று அவளிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு அவளுக்கு முன்னால் நின்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

அப்பா